ஆரம்பகால அமெரிக்க வரலாற்று மனிதர்களின் வாழ்க்கையை ஆராய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா பிரிட்டனின் 13 குடியேற்றங்களாக இருந்த காலம் முதல் 1820கள் வரை வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கட்டுரையோ நூலோ எழுத உட்கார்ந்து, இரண்டு இணையதளங்கள் இரண்டு விதமாகச் சொல்வதைப் பார்த்து எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

முதல் வேலை என்ன? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: சொல்லப்படும் செய்தி, அதை முதன்முதலில் சொன்னவர், சொன்ன ஆண்டு, சம்பவம் நடந்தபோது அவர் எங்கே இருந்தார், உங்கள் கையில் இருப்பது அசலா நகலா அச்சுப் பிரதியா. படிக்கும் ஒவ்வொரு செய்தியையும் இந்தத் தாளில் ஏற்றிய பிறகுதான் கட்டுரைக்குள் கொண்டுபோக வேண்டும்.

பால் ரெவியரை எடுத்துக்கொள்வோம். 1775 ஏப்ரல் 18 இரவு பாஸ்டனிலிருந்து குதிரையில் கிளம்பி, பிரிட்டிஷ் படை வருகிறது என்று ஊர் ஊராக எச்சரித்தவர். அந்த இரவைப் பற்றி 1775லேயே அவர் வாக்குமூலம் எழுதினார். சுமார் 1798ல், மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஜெரமி பெல்க்னப்புக்கு அதே சம்பவத்தைக் கடிதமாக எழுதினார். 1861ல் கவிஞர் லாங்ஃபெல்லோ அதைக் கவிதையாக்கி வெளியிட்டார். கவிதையில் ரெவியர் கான்கார்டு ஊர்வரை போய்ச் சேர்கிறார். உண்மையில் வழியில் லிங்கன் என்ற ஊர் அருகே பிரிட்டிஷ் ரோந்துப் படையிடம் அவர் பிடிபட்டார். கான்கார்டை எட்டியவர் சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர். மூன்றையும் தாளில் வரிசையாக எழுதினால் மூன்றாவது பத்தி 1775, 1798, 1861 என்று காட்டும். எதற்கு எவ்வளவு எடை தருவது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வாஷிங்டன், ஜெபர்சன் போன்றவர்களின் கடிதங்களை இந்தியாவிலிருந்தே படிக்க முடியுமா?

முடியும். காசும் கட்ட வேண்டாம். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 2013ல் தொடங்கிய ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், ஜெபர்சன், ஹாமில்டன், மேடிசன் என்று நாட்டை நிறுவிய ஆறு பேரின் எழுத்துகளும், பின்னர் சேர்ந்த ஜான் ஜேயின் எழுத்துகளும் உள்ளன. மொத்தம் 1,80,000 ஆவணங்களுக்கு மேல். எழுதியவர், பெற்றவர், தேதி என மூன்று வழியிலும் வடிகட்டலாம்.

தேடலில் பெரும்பாலோர் சறுக்குவது எழுத்துக்கூட்டலில். அந்தக் காலத்தில் நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. ஒரே கடிதத்தில் ஒரே ஊரின் பெயர் இரண்டு விதமாக வரும். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அது இல்லை என்று முடிவுகட்டாமல், மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் சொல்லை விட்டுவிட்டு, தேதியையும் பெறுநரையும் மட்டும் கொடுத்து, வரும் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். மெதுவான வழிதான், ஆனால் கைவிடாத வழி.

கடிதத்தின் அடியில் உள்ள மூலக்குறிப்பைத் தவறாமல் பாருங்கள். உங்கள் முன்னால் இருப்பது உண்மையில் அனுப்பப்பட்ட கடிதமா, வீட்டில் வைத்துக்கொண்ட வரைவா, குமாஸ்தா பிரதியெடுத்த கடிதப் புத்தகமா என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும். வாஷிங்டன் விஷயத்தில் இது மிக முக்கியம். 1750களில், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரின்போது, இளம் அதிகாரியாக அவர் எழுதிய கடிதங்களின் புத்தகத்தை 1780களில் தன் கையாலேயே திருத்தி, மறுபடி படியெடுக்க வைத்தார். அந்தப் படியை மட்டும் படிப்பவர் 23 வயது வாஷிங்டனின் நடையைப் படிக்கவில்லை. ஐம்பதைக் கடந்தவர் மெருகேற்றிய நடையைப் படிக்கிறார்.

19ஆம் நூற்றாண்டில் அச்சான பழைய தொகுப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். 1830களில் வாஷிங்டன் கடிதங்களைப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ், கொச்சையாகப் பட்ட சொற்களை மாற்றினார், எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அந்தப் பதிப்பிலிருந்து மேற்கோள் எடுக்காதீர்கள். நவீனப் பதிப்பும் அதே இணையத்தில் இலவசமாகத்தான் கிடைக்கிறது.

வாஷிங்டன் பிறந்தது பிப்ரவரி 11 என்று ஓரிடத்தில், 22 என்று ஓரிடத்தில். ஆண்டும் 1731, 1732 என்று மாறுகிறது. எது சரி?

எல்லாமே ஒரே நாள்தான். வாஷிங்டனின் பண்ணை இல்லமான மவுண்ட் வெர்னனில் உள்ள குடும்ப பைபிளில் பிப்ரவரி 11, 1731/2 என்று பதிவாகியிருக்கிறது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பயன்படுத்தின. அதில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25ல் பிறக்கும். ஆகவே பிப்ரவரி மாதம் பழைய கணக்கில் 1731ஐச் சேர்ந்தது, இன்றைய கணக்கில் 1732ஐச் சேர்ந்தது. இரண்டையும் காட்டவே சாய்கோடு. 1752ல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று அறிவித்து 11 நாளைத் தள்ளினார்கள். பழைய பிப்ரவரி 11 புதிய பிப்ரவரி 22 ஆனது இப்படித்தான்.

மாற்றும் முறை: ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதி என்றால் முதலில் ஆண்டைப் பாருங்கள், சாய்கோடு இருந்தால் பின்னால் உள்ள எண்ணை எடுங்கள். அடுத்து, 1700 பிப்ரவரி முடிவுக்கு முந்தைய தேதி என்றால் 10 நாளும், அதற்குப் பிந்தையது என்றால் 11 நாளும் கூட்டுங்கள். அதிகம் நடக்கும் தவறு, ஏற்கெனவே மாற்றப்பட்ட தேதிக்கு மறுபடி 11 நாள் கூட்டிவிடுவது. அதைத் தவிர்க்க, மூலத்தில் உள்ளபடி ஒரு பத்தியிலும் மாற்றியதை அடுத்த பத்தியிலும் எழுதி வையுங்கள். ஜெபர்சனின் கல்லறைத் தூணிலேயே ‘1743 ஏப்ரல் 2, பழைய கணக்கு’ என்றுதான் பொறித்திருக்கிறார்கள். நாம் இன்று ஏப்ரல் 13 என்கிறோம்.

பென்சில்வேனியாவின் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைப் பதிவேடுகளில் மாதப் பெயரே இருக்காது. ‘முதல் மாதம்’, ‘இரண்டாம் மாதம்’ என்று எண்தான். 1752க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச், பன்னிரண்டாம் மாதம் என்றால் பிப்ரவரி. இதை ஜனவரி, டிசம்பர் என்று படித்துவிட்டால், திருமணம் ஆவதற்குள் குழந்தை பிறந்ததாகக் கணக்கு வரும்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களை 7, 8, 9, 10 என்ற எண்ணோடு ‘பெர்’ என்ற வாலைச் சேர்த்துச் சுருக்கி எழுதுவதும் வழக்கம். லத்தீனில் அந்தச் சொற்களின் பொருளே ஏழு, எட்டு, ஒன்பது, பத்துதான். 7ஐப் பார்த்ததும் ஜூலை என்று எழுதிவிடக் கூடாது.

பழைய கையெழுத்து பிடிபடவே இல்லை. என்ன செய்வது?

முதலில் ஏற்கெனவே அச்சான ஒரு கடிதத்தை எடுத்து, அதன் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒருவரின் கையெழுத்து ஐந்தாறு பக்கத்துக்குள் பழகிவிடும். பிறகு அச்சாகாததைத் தொடுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சொல்லின் நடுவில் எஃப் போலத் தெரியும் நீண்ட எழுத்து பெரும்பாலும் எஸ். ‘ஒய்-ஈ’ என்று தெரிவது ‘தி’ என்ற சொல், அந்த ஒய் உண்மையில் ‘த்’ ஒலிக்கான பழைய எழுத்தின் எச்சம். ஜே-என்-ஓ என்று எழுதி மேலே கோடோ புள்ளியோ வைத்திருந்தால் அது ஜான். ஜொனாதன் அல்ல. இந்த ஒரு சுருக்கத்தைத் தவறாகப் படித்து அண்ணனுடைய நிலத்தைத் தம்பி பெயரில் ஏற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பெயரின் தொடக்கத்தில் எக்ஸ் வந்தால் ‘கிறிஸ்ட்’ என்று படியுங்கள்: எக்ஸ்டோபர் என்பது கிறிஸ்டோபர். தேதியோடு வரும் ‘இன்ஸ்ட்’ இந்த மாதம், ‘அல்ட்’ போன மாதம், ‘ப்ராக்ஸ்’ அடுத்த மாதம்.

உயிலில் ‘கசின்’ என்று இருக்கிறது. சித்தப்பா மகன் என்று எழுதலாமா?

அவசரப்பட வேண்டாம். தமிழில் அண்ணன் மகன், அக்கா மகன், அத்தை மகன், மாமன் மகன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருப்பதால், அவர்களுடைய பொதுச்சொல்லை ஏதோ ஒன்றாக முடிவுசெய்ய நம் கை துடிக்கும். அந்தக் காலத்தில் ‘கசின்’ என்பது அண்ணன் மகனையும் அக்கா மகளையும்கூடக் குறித்தது. ‘மதர் இன் லா’ என்பது பல இடங்களில் மாமியார் அல்ல, மாற்றாந்தாய். ‘மிஸஸ்’ என்ற அடைமொழி திருமணமாகாத மதிப்புள்ள பெண்ணுக்கும் வரும். ‘இன்ஃபன்ட்’ என்றால் கைக்குழந்தை அல்ல, 21 வயது நிரம்பாதவர். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பவை அப்பா, மகன் என்று பொருள்படவே வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக்காட்ட அப்படி எழுதினார்கள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார், புதிதாக இன்னொருவர் ஜூனியராவார்.

வேறு ஆவணத்தில் உறவு உறுதிப்படும்வரை ‘உறவினர்’ என்று எழுதுங்கள். அது முழு உண்மை.

ஒரே பெயரில் இரண்டு பேர். நம் ஆள் யார் என்று எப்படி உறுதிசெய்வது?

இந்தத் துறையின் கடினமான வேலை இதுதான். கிடைத்த தாளில் உள்ள பெயர் நாம் தேடுபவருடையதுதான் என்று காட்டுவதில்தான் ஒரு ஆய்வு நிற்கிறது அல்லது விழுகிறது.

1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் இறந்தவர்களில் ஒருவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ். முதல் மரண விசாரணையில் அவர் பெயர் மைக்கேல் ஜான்சன் என்று இருந்தது. ஒரு வாரம் கழித்து பாஸ்டன் கெசட் பத்திரிகை, அவர் ஃபிராமிங்ஹாம் ஊரில் பிறந்தவர், அண்மையில் நியூ பிராவிடன்ஸைச் சேர்ந்தவர், வட கரோலினாவுக்குப் போவதற்காக வந்திருந்தார் என்று எழுதியது.

இனி இருபது ஆண்டு பின்னால் போவோம். அதே கெசட்டில் 1750 அக்டோபர் 2 தேதியிட்ட விளம்பரம்: ஃபிராமிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் என்பவரிடமிருந்து செப்டம்பர் 30 அன்று கிரிஸ்பஸ் என்ற கலப்பின ஆள் ஓடிவிட்டார், வயது சுமார் 27, உயரம் 6 அடி 2 அங்குலம், குட்டைச் சுருள் முடி, இரு முழங்கால்களும் வழக்கத்தைவிட நெருங்கியிருக்கும், பிடித்துக் கொடுத்தால் 10 பவுண்ட்.

இருவரும் ஒருவரா? அபூர்வமான பெயர் ஒத்துப்போகிறது, ஊர் ஒத்துப்போகிறது, இனக் குறிப்பு ஒத்துப்போகிறது, வயதும் முரண்படவில்லை. ஆனால் விளம்பரத்தில் அட்டக்ஸ் என்ற குடும்பப் பெயர் இல்லை. இடைப்பட்ட இருபது ஆண்டுகளை இணைக்கும் கண்ணியும் இல்லை. எனவே ‘பெரும்பாலும் இவரே’ என்று எழுதலாம். ‘1750ல் தப்பியோடிய அட்டக்ஸ்’ என்று ஒரே மூச்சில் எழுதினால் அந்தக் கண்ணியை நாமே செய்து மாட்டியதாகிவிடும்.

பொதுவாக, பெயர் தவிர மூன்று அடையாளங்களாவது சேர வேண்டும்: ஊர், தொழில், மனைவி அல்லது பெற்றோர் பெயர், நிலத்தின் எல்லைக்காரர்கள், கையொப்பம். கையொப்பம் வலுவான சான்று. எழுதத் தெரியாதவர் இட்ட குறியும் அப்படியே, பலர் வெறும் பெருக்கல் குறி இடாமல் தமக்கென ஒரு வடிவம் வைத்திருந்தார்கள்.

புரட்சிப் போரில் (அமெரிக்க விடுதலைப் போரில்) ஒருவர் போரிட்டாரா என்று எங்கே பார்ப்பது?

1800 நவம்பர் 8 அன்று போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து அதுவரை சேர்ந்த ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்தன. இன்று ‘சேவைப் பதிவு’ என்று கிடைப்பவை, வேறு இடங்களிலிருந்து திரட்டிய வருகைப் பட்டியல்களையும் சம்பளப் பட்டியல்களையும் வைத்துப் பின்னாளில் தொகுத்தவை. அதில் பெயர் இல்லை என்றால் அவர் போரிடவில்லை என்று பொருளல்ல.

கொட்டிக் கிடக்கும் இடம் ஓய்வூதிய மனுக்கள். சுமார் 80,000 கோப்புகள், 2,670 நுண்படச் சுருள்களில். எந்தச் சட்டத்தின் கீழ் மனுச் செய்தார் என்று முதலில் பாருங்கள். 1818 சட்டம் வறுமையில் இருந்த முன்னாள் வீரர்களுக்கானது. 1820ல் சொத்து விவரம் கேட்கத் தொடங்கினார்கள், அதனால் அந்த ஆண்டுக் கோப்பில் வீட்டிலிருந்த மாடு, பானை, நாற்காலி, கடன் எல்லாம் வரிசையாக இருக்கும். 1832 சட்டம் உள்ளூர்ப் படையினருக்கும் கதவைத் திறந்தது. 1836 முதல் விதவைகளுக்கு விரிவாகக் கிடைத்தது. திருமணத்தை நிரூபிக்க, குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதிய பக்கத்தையே கிழித்து இணைத்தவர்கள் உண்டு. அந்தப் பக்கம் கோப்பிலேயே தங்கிவிட்டது. தேவாலயப் பதிவேடு எரிந்துபோன ஊருக்கு அதுவே ஒரே சான்றாக இருக்கலாம்.

இந்த மனுக்களில் ஒரு பலவீனமும் உண்டு. 1832ல் எழுபது வயதுக்காரர் ஐம்பது ஆண்டுக்கு முந்தையதைச் சொல்கிறார். சண்டைகளின் வரிசை மாறும், தளபதி பெயர் மாறும், பக்கத்து ஊர்ச் சண்டையிலும் தான் இருந்ததாக நினைவு சொல்லும். அவர் கண்ணால் கண்ட சிறு விவரங்கள் (எந்த ஆற்றைக் கடந்தார், எவ்வளவு நாள் பட்டினி) தேதிகளைவிட நம்பத்தக்கவை.

பிரிட்டன் பக்கம் நின்றவர்களுக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இழப்பீட்டு மனுக்கள் உள்ளன. இழந்த சொத்தின் மதிப்பைக் கூட்டிச் சொல்லும் ஆசை மனுதாரருக்கு இருந்திருக்கும் என்பதை மனத்தில் வைத்து, சாட்சிகளின் வாக்குமூலத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆளைக் கண்டுபிடிக்கலாமா?

குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் எண்கள்: 16 வயதும் மேலும் ஆன வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழ்ப்பட்டவர்கள், வெள்ளைப் பெண்கள், பிற சுதந்திர மனிதர்கள், அடிமைகள். வர்ஜீனியா, நியூ ஜெர்சி, டெலவேர், ஜார்ஜியா, கென்டக்கி, டென்னசி பகுதிகளின் மூலத்தாள்கள் தொலைந்துவிட்டன. ‘வர்ஜீனியா 1790’ என்ற பெயரில் அச்சில் உலவுவது 1782 முதல் 1785 வரையான மாநில வரிப் பட்டியல்களிலிருந்து தொகுத்தது. அதைக் கணக்கெடுப்பு என்று குறிப்பிடாதீர்கள்.

பெட்சி ராஸ் முதல் அமெரிக்கக் கொடியைத் தைத்தது, வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டியது: இவற்றை எப்படி எழுதுவது?

செர்ரி மரக் கதையில் சந்தேகமே இல்லை. வாஷிங்டன் இறந்தது 1799ல். மேசன் வீம்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு 1800ல் வந்தது, அதில் இந்தக் கதை இல்லை. 1806ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முளைக்கிறது. கர்ணபரம்பரைக் கதை என்றே எழுதுங்கள்.

பெட்சி ராஸ் விஷயம் வேறு. 1870ல் அவருடைய பேரன் வில்லியம் கான்பி, பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் குடும்பத்தில் கேட்டறிந்ததாக இந்தக் கதையைச் சொன்னார். சொல்லப்படும் சம்பவம் 1776ல். இடையில் 94 ஆண்டு. அதுவரை எந்தத் தாளிலும் இல்லை. கொடியை வடிவமைத்ததற்கு 1780ல் அமெரிக்கக் காங்கிரசிடம் கூலி கேட்டவர் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன்.

ஆனால் கதை பொய்த்ததும் அந்தப் பெண்ணையே தள்ளிவிடுவது பெரிய அநியாயம். 1777 மே 29 அன்று பென்சில்வேனியாவின் கடற்படை வாரியம் கப்பல் கொடிகள் தைத்ததற்காக எலிசபெத் (பெட்சி) ராஸுக்கு 14 பவுண்ட் 12 ஷில்லிங் 2 பென்ஸ் கொடுக்க உத்தரவிட்ட பதிவு இருக்கிறது. கணவனை இழந்த 25 வயதுப் பெண், போர்க்காலத்தில் அரசாங்கத்துக்குக் கொடி தைத்துப் பிழைத்தார். இதற்கு ஆவணம் உண்டு, இதை எழுதுங்கள்.

அந்த 14 பவுண்ட் இன்றைக்கு எவ்வளவு?

இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள், வரும் எண்ணுக்குப் பொருளிருக்காது. அந்தக் காலத்துக்குள்ளேயே ஒப்பிடுங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஆனால் பவுண்ட் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் லண்டன் ஸ்டெர்லிங்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ், மாசசூசெட்ஸில் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங். ராஸுக்குக் கிடைத்தது பென்சில்வேனியா கணக்கில் சுமார் 39 டாலர். 1777ல் காகிதப் பணத்தின் மதிப்பு இறங்கிக்கொண்டிருந்ததால் கைக்கு வந்த மதிப்பு அதைவிடக் குறைவு.

பெண்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது?

வாஷிங்டன் தமக்கு எழுதிய கடிதங்களை அவருடைய மனைவி மார்த்தா அழித்துவிட்டார். தப்பியவை ஒரு சில. படைத்தலைமை ஏற்றதைத் தெரிவித்து 1775 ஜூன் 18 அன்று எழுதியது அவற்றில் ஒன்று. மாறாக, ஜான் ஆடம்ஸும் அவர் மனைவி அபிகெய்லும் ஒருவருக்கொருவர் எழுதிய 1,100க்கு மேற்பட்ட கடிதங்கள் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் பத்திரமாக உள்ளன. ஆகவே கிடைப்பதன் அளவை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடைபோடக் கூடாது.

கடிதம் இல்லாதபோது நீதிமன்றத்துக்குப் போங்கள். கறுப்பினக் கவிஞர் ஃபில்லிஸ் வீட்லி 1761ல் ஏழு வயதளவில் பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்தே வயதைக் கணித்தார்கள். வந்த கப்பலின் பெயர்தான் ஃபில்லிஸ், அதையே அவருக்கும் வைத்தார்கள். திருமணத்துக்குப் பின் அவர் வில்மிங்டனில் வாழ்ந்ததாக 1834ல் வெளியான ஒரு நினைவுக்குறிப்பை நம்பி எல்லோரும் எழுதிவந்தார்கள். எசெக்ஸ் மாவட்ட வழக்குப் பதிவுகளைப் புரட்டியபோது அவரும் கணவர் ஜான் பீட்டர்ஸும் மிடில்டனில் இருந்தது தெரியவந்தது. நில வழக்கு, கடன் வழக்கு என்று சலிப்பூட்டும் கட்டுகளில்தான் இப்படிப்பட்டவை கிடைக்கும்.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வாழ்க்கையை எழுத முடியுமா?

முடியும், எழுதவும் வேண்டும். ஆனால் அவர்களைப் பற்றிய தாள்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் உரிமையாளர் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைக்க வேண்டும்.

வாஷிங்டன் 1799ல் எழுதிய பட்டியலில் மவுண்ட் வெர்னனில் இருந்த 317 பேர் பெயர், வேலை, குடும்பத்தோடு உள்ளனர். அவர்களில் 123 பேர் மட்டுமே அவருடையவர்கள் என்பதால் உயில் விடுவித்தது அவர்களைத்தான். மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தாக வந்த 153 பேரை விடுவிக்கும் சட்ட உரிமை இருவருக்குமே இல்லை. கணவன் ஒரு பட்டியலிலும் மனைவி இன்னொன்றிலும் இருந்த குடும்பங்கள் பிரிந்தன. ‘வாஷிங்டன் தன் அடிமைகளை விடுவித்தார்’ என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்காதவர்கள்.

அந்த 153 பேர் பக்கத்தைச் சேர்ந்தவர் ஓனா ஜட்ஜ். 1796 மே மாதம் பிலடெல்பியாவில் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டனின் வீட்டிலிருந்து தப்பினார். அப்போது வந்த பத்திரிகை விளம்பரம் உரிமையாளர் தரப்பு. 1845லும் 1847லும் நியூ ஹாம்ப்ஷயரில் அவரே பேட்டி கொடுத்தார். அது அவர் தரப்பு. இரண்டும் கையில் இருப்பது மிக அபூர்வம்.

பார்க்க வேண்டிய இன்னொன்று 1783ல் நியூயார்க்கிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் வெளியேறிய சுமார் 3,000 கறுப்பினத்தவரின் பதிவேடு. பெயர், வயது, தோற்றம், முன்பு யாரிடம் இருந்தார், எப்போது தப்பினார் என்று வரிசையாக இருக்கும். அதில் ஹாரி வாஷிங்டன் என்பவர் 43 வயது, தளபதி வாஷிங்டனிடமிருந்து தப்பியவர்.

ஜெபர்சனிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்று டி.என்.ஏ. நிரூபித்துவிட்டதா?

டி.என்.ஏ. மட்டும் நிரூபிக்கவில்லை, இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுத வேண்டும். 1998ல் சோதித்தது ஆண்வழி மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம். ஜெபர்சனுக்கு மகன்வழி வாரிசு இல்லாததால் அவருடைய பெரியப்பா சித்தப்பா வழியில், ஃபீல்டு ஜெபர்சனின் சந்ததியிடமிருந்து மாதிரி எடுத்தார்கள். அது சாலியின் கடைசி மகன் எஸ்டனின் சந்ததியோடு பொருந்தியது. ஜெபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பதுவரை அறிவியல் சொல்லும். நெடுங்காலம் பழி சுமந்த, ஜெபர்சனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்கள் எஸ்டனின் தந்தையல்ல என்பதையும் சொல்லும்.

மீதியைச் சொல்வது தாள்கள். ஜெபர்சனின் கணக்குக் குறிப்புகள் அவர் எந்த நாளில் எங்கே இருந்தார் என்று காட்டுகின்றன. பண்ணைப் புத்தகம் பிள்ளைகளின் பிறப்பைக் காட்டுகிறது. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒன்பது மாதம் முன்பு அவர் தம் பண்ணை வீடான மான்டிசெல்லோவில் இருந்தார். 1873ல் ஓஹாயோ பத்திரிகை ஒன்றில் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் தன் தந்தை ஜெபர்சன் என்று நேரடியாகச் சொன்னார். எல்லாம் ஒரே திசையில் சுட்டுவதால்தான் இன்று பெரும்பாலான வரலாற்றாளர்கள் ஏற்கிறார்கள். மேடிசனின் சொல் 125 ஆண்டு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதையும் கட்டுரையில் சேருங்கள்.

அலெக்சாண்டர் ஹாமில்டன் பிறந்தது 1755ஆ 1757ஆ?

அவர் தாமே சொன்னது 1757. தாய் ரேச்சல் 1768 பிப்ரவரி 19 அன்று கரீபியக் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவில் இறந்தபோது எழுதிய வாரிசுப் பதிவில் அண்ணன் ஜேம்ஸுக்கு வயது 15, அலெக்சாண்டருக்கு 13 என்று இருக்கிறது. அதன்படி 1755 வருகிறது. பதிவு அந்தக் காலத்தது, வயதைக் கூட்டிச் சொல்ல யாருக்கும் காரணம் தெரியவில்லை. அதனால் பலர் 1755 பக்கம் சாய்கிறார்கள். ‘1755 அல்லது 1757’ என்று போட்டு, இரண்டுக்கும் காரணத்தை ஒவ்வொரு வரியில் கொடுங்கள்.

இந்த மேற்கோள் ஃபிராங்க்ளின் சொன்னதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் மேற்கோளின் நடுவிலிருந்து அபூர்வமான மூன்று சொற்களை எடுத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அச்சுப் புத்தகங்களின் இணையத் தேடலில் ஆண்டு வரிசைப்படுத்துங்கள். முதல் தோற்றமே 1900க்குப் பிறகு என்றால் விட்டுவிடுங்கள். ‘ஃபிராங்க்ளின் சொன்னதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதித் தப்பிப்பதும் அதைப் பரப்புவதுதான்.

இதில் சென்னையிலேயே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் 1649ல் பாஸ்டனில் பிறந்தார், சிறு வயதிலேயே இங்கிலாந்து போனார், பிறகு அமெரிக்கா திரும்பவேயில்லை. 1672ல் மதராஸுக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். 1718ல் அவர் கனெக்டிகட்டில் இருந்த அந்தக் கல்லூரிக்கு அனுப்பியது ஒன்பது மூட்டை சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம். சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது.

அவருடைய செல்வம் எங்கிருந்து வந்தது என்று ஆராய அமெரிக்கக் காப்பகங்கள் போதாது. கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைக் குறிப்பும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன, பல தொகுதிகள் அச்சிலும் வந்துள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவர் காலத்து அடிமை வணிகம் பற்றிய ஆணைகளும் இந்தக் குறிப்புகளில்தான் கிடைக்கும். படிக்கும்போது தேதிகள் எல்லாம் பழைய கணக்கு என்பதையும், 1700க்கு முந்தையவை என்பதால் கூட்ட வேண்டியது 10 நாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேட்டின் முதல் பதிவு, அதே ஆண்டு நவம்பர் 4 அன்று எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும் நடந்த திருமணம்.